பதினோராவது கேள்விக்கு நான் போட்ட பூச்சியம்

இதைக் கோபத்தோடு எழுதுகிறேன், சகோதரரே. ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வருகிறவன் சந்தோஷத்தோடு தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானே பலருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அடங்கிவிட்டால் நான் வார்த்தைகளை அழகாக்கிவிடுவேன். எழுபத்தாறு வயதில் இனி எனக்கு அழகு வேண்டாம்.

நான் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்புப் பக்கம் குருக்கள்மடம் என்ற ஊரில், வாவிக்கரையில், மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருக்கிறேன். எங்கள் சபை சின்னது. ஓடு போட்ட ஒரு மண்டபம், அறுபது எழுபது பேர். ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து அங்கே நான் மூப்பர். ஞானஸ்நான வகுப்பு என் கையில் இருந்தது. யார் தண்ணீரில் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பதை நான்தான் சொன்னேன். போதகருக்கு என் மகனுடைய வயது. என் பேச்சைத் தாண்டமாட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞானஸ்நானத்துக்குப் பரீட்சை வைத்தேன்.

சிரிக்காதீர்கள். எழுத்துப் பரீட்சை. இருபத்தைந்து கேள்விகள், ஒன்றரை மணித்தியாலம், நூற்றுக்கு அறுபது எடுத்தால்தான் சித்தி. ஞாயிறு பள்ளி வாங்குகளில் ஒருவருக்கொருவர் தள்ளி உட்கார வைத்து, நடுவில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிவப்புப் பேனையால் திருத்துவேன். நிவாரணத்துக்காகவும் தகரத்துக்காகவும் ஆட்கள் மதம் மாறுகிறார்கள் என்று ஊர் எங்களைப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் தொடங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். மீதியைப் பிறகு சொல்கிறேன்.

வடிவேல் என்று ஒருவன். வாவியில் வலை வீசுகிறவன். அவனுடைய தாய் வீடு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி யோகத்தின் வீட்டுக்கு வந்தவன். யோகம்தான் முதலில் சபைக்கு வந்தாள். சாதாரண தரம் வரை படித்தவள். என் பரீட்சையில் எண்பத்தொன்று எடுத்து ஞானஸ்நானம் பெற்றாள். வடிவேல் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்போது குடியும் இருந்தது.

ஒரு மாரியில் இறால் பிடிக்க, வாவி கடலில் விழுகிற முகத்துவாரப் பக்கம் போயிருக்கிறான். வெள்ளம் வடிவதற்கு மண் திட்டை வெட்டிவிட்டால் வாவி முழுவதும் கடலுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் தோணி கவிழ்ந்தது. வலை காலில் சுற்றியது, தண்ணீருக்குள் மூழ்கித் தாண்டு போனான். மனைவி கும்பிடுகிற இயேசுவை ஒரு தடவை கூப்பிட்டானாம். இன்னொரு தோணிக்காரர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். "கை அவர்ட கைதான் சேர். ஆனா அனுப்பினது ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்று எனக்குச் சொன்னான். அன்றோடு குடியை விட்டான். ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தான். ஞானஸ்நானம் கேட்டான்.

நான் தாளைக் கொடுத்தேன்.

முதல் தடவை இருபத்தேழு. இரண்டாம் தடவை முப்பத்தைந்து. மூன்றாம் தடவை நாற்பத்திரண்டு. இரண்டு வருடம். மூன்றாம் தாளைக் கொடுக்கும்போது, "முன்னேற்றம் இருக்கு வடிவேல். அடுத்த முறை பார்ப்பம்" என்று சொன்னேன். ஒரு மாணவனுக்குச் சொல்வதுபோல. அவனுக்கு நாற்பத்தொரு வயது.

பரீட்சை மட்டுமா? திருவிருந்து ஞாயிறுகளில் அப்பத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவன் நான். ஒரு நாள், ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு அப்பம் இல்லை என்ற முறை தெரியாமலோ ஆசையிலோ, வடிவேல் கையை நீட்டினான். நான் தட்டை உயர்த்தி அவனுடைய கைக்கு மேலால் யோகத்திடம் கொண்டுபோனேன். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வேட்டியைச் சரிசெய்வதுபோல இறங்கியது. நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதை நினைக்கிறபோது இன்று என் பல்லைக் கடிக்கிறேன்.

போன மார்கழியில் மழை விடவில்லை. வாவியில் தொழில் இல்லாமல் வடிவேல் அக்கரை வயல் வட்டைக்குக் கூலிக்குப் போனான். உடைந்த வரம்பு கட்டுகிற வேலை. ஒரு கிழமை, ஏழு நாளும், சேற்றில் நின்றான். காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தான். கண் மஞ்சளாகி, சிறுநீர் போவது நின்ற பிறகுதான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் தாண்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். யோகம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலை கலைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"சேர், அவருக்குக் கடைசியா எத்தின போட்டீங்க?"

"என்ன யோகம்? இருந்து கதை."

"இருக்க வரல்ல. எத்தின போட்டீங்க?"

"நாப்பத்திரெண்டு."

"பாஸுக்கு?"

"அறுவது."

"அப்ப பதினெட்டுக் குறையுது. அந்தப் பதினெட்டையும் நான் எங்க போய் வாங்கிற? சொல்லுங்க சேர், எந்தக் கடையில விக்கிற?" அவளுடைய குரல் வீதிக்குக் கேட்டது. "காய்ச்சல்ல கிடந்து பினாத்துறார். 'சேர், இன்னொருக்கா எழுதுறன், இன்னொருக்கா எழுதுறன்' எண்டு. பிள்ளைகள்ட பேர் சொல்லல்ல. என்ட பேர் சொல்லல்ல. உங்களத்தான் கூப்பிடுறார். தான் பெயிலாம். ஆண்டவர் தன்ன எடுக்கமாட்டாராம்."

நான் எழும்பினேன். "ஜெபிப்பம்" என்றேன்.

"ஜெபிங்க. மறுகா இதையும் சொல்லுங்க. செத்தா எங்க வைக்கிற? சபைச் சேமக்காலையில ஞானஸ்நானம் இல்லாத ஆளுக்கு இடமில்லையாம். நீங்கதானே எழுதி ஒட்டின."

ஓம். நான்தான் எழுதி ஒட்டினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கினேன்.

அவள் போன பிறகு உள்ளே திரும்பினேன். என் மனைவி மெர்சி கதவடியில் நின்றாள். நாற்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"இஞ்சேருங்க. என்ட அப்பா உங்களுக்கு எத்தின கேள்வி கேட்டவர்?"

நான் மறைத்த மீதி இதுதான். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். மெர்சியை விரும்பினேன். அவளுடைய தகப்பனார், ஞானஸ்நானம் எடுத்தால் பெண் தருகிறேன் என்றார். எடுத்தேன். சனிக்கிழமை தண்ணீரில் இறங்கினேன், புதன்கிழமை தாலி கட்டினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வகுப்பு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது நான் எதை நினைத்தேன் தெரியுமா? என் கைக்கடிகாரத்தை. புதுக் கடிகாரம். கரையில் ஒரு கூட்டாளியிடம் கொடுத்திருந்தேன். திருப்பித் தருவானா என்று நினைத்துக்கொண்டே தண்ணீருக்குள் போனேன், அதையே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமத்தில் என்னை அமிழ்த்தினார்கள். நான் கடிகாரத்தின் நாமத்தில் இருந்தேன்.

பிறகு வந்தேன், பாடினேன், ஜெபித்தேன், பிரசங்கமும் செய்தேன். ஆனால் உள்ளே ஒரு பயம். நீ கள்ளன், ஒரு நாள் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று. அந்தப் பயத்தில்தான் மற்றவர்களிடம் கள்ளத்தைத் தேடினேன். பரீட்சை எழுத வேண்டியவன் மேற்பார்வையாளனாக நடந்து திரிந்தேன்.

அலுமாரியைத் திறந்து வடிவேலின் மூன்றாம் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் வாசித்தேன். பதினோராவது கேள்வி: இரட்சிப்பு என்பதை வரைவிலக்கணப்படுத்துக. எட்டுப் புள்ளி. ஐந்தாம் வகுப்பு படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பெரிய பெரிய எழுத்தில், பென்சிலை அழுத்தி, இரண்டு வரி எழுதியிருந்தான்.

"நான் தாண்டு போனன். அவர் புடிச்சார்."

பக்கத்தில் என் சிவப்பு மை. பூச்சியம். 'வரைவிலக்கணம் இல்லை' என்று ஒரு குறிப்பும்.

பஸ்ஸில் நான் சத்தமாக அழுதேன். பக்கத்தில் இருந்த பிள்ளை எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டது.

அன்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடவில்லை. வெளியே நீள வாங்கில் இருந்தேன். அங்கே இருந்து நான் செய்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "ஆண்டவரே, இது என்ன நியாயம்? பிழை விட்டவன் நான். பிழைக்கு அடிக்கிறதென்றால் என்னை அடியும். சேற்றில் நின்று உழைத்தவனை ஏன் அடிக்கிறீர்? இரண்டு வருடம் நான் அந்த மனிதனை வாசலில் நிற்க வைத்தேன், நீர் பார்த்துக்கொண்டிருந்தீர். ஒரு தடவையாவது என் கையைத் தட்டியிருக்கக் கூடாதா? அவன் பெயில் என்று நினைத்துக்கொண்டு சாக நீர் விடுவீரானால், நான் இனி உம்மைக் குறித்து யாருக்கும் வாய் திறக்கமாட்டேன். ஒரு மணித்தியாலம் தாரும். அவனுக்கு நினைவு வரட்டும். விடை சரி என்று நான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு உம்முடைய இஷ்டம்."

வாய்க்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் மனிதர், காத்தான்குடிக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய தாயாரும் உள்ளே இருந்தார்.

"ஐயா, நீங்க துஆ கேக்கிறீங்களா, சண்ட புடிக்கிறீங்களா?"

"சண்டதான்" என்றேன்.

"புடிங்க, புடிங்க. உம்மாக்கும் சேத்து ஒரு சொல்லுப் புடிங்க" என்று சொல்லி, தன் பிளாஸ்க்கில் இருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அவருடைய தாயாருக்காகவும் சண்டை பிடித்தேன்.

புதன்கிழமை வடிவேலின் நிலை இன்னும் மோசம். இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். அவனுடைய தாய் அக்கரையிலிருந்து வந்து, "பிள்ளைய எங்கட பக்கம் கொண்டுபோறம். நாங்க எரிக்கிறம். உங்கட சேமக்காலைய நீங்களே வெச்சிருங்க" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். வானத்திலிருந்து பதில் இல்லை. நான் அன்றும் சண்டை பிடித்தேன்.

வியாழக்கிழமை நண்பகல், பார்வையாளர் நேரத்தில், யோகம் வெளியே ஓடிவந்தாள்.

"சேர், கண்ணத் திறந்திட்டார். வாங்க."

உள்ளே போனேன். மஞ்சள் கண். வெடித்த உதடு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். அதிபரைக் கண்டால் எழும்ப வேண்டுமே! தாளை விரித்து அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"வடிவேல், பதினோராவது கேள்வி. உன்ட விடை சரி. முழுப் புள்ளி. திருத்தினவன்தான் பிழை. நான்தான் பெயில்."

அவன் தாளை மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், "அப்ப மொத்தம் அம்பது, சேர். இன்னும் பாஸ் இல்ல" என்றான்.

அந்த நிலையிலும் கூட்டிப் பார்த்திருக்கிறான்! யோகம் அழுதுகொண்டே சிரித்தாள். அவனுடைய கண்ணிலும் நீர் வழிந்தது. நான் என் கைக்கடிகாரக் கதையை அவனுக்குச் சொன்னேன். மெர்சிக்குப் பிறகு அதைக் கேட்ட முதல் ஆள் வடிவேல்.

எனக்குப் பயம் போகவில்லை. மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. முழுக்குத்தான் ஞானஸ்நானம், தெளிப்பது செல்லாது என்று முப்பது வருடம் வாதாடிய நான், அந்தப் போத்தலைக் கையில் எடுத்தேன். "இப்பவே தாறன். தலையில ஊத்திறன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.

"வேணாம் சேர். அவர் என்ன வாவிக்குள்ளதான் புடிச்ச. வாவியிலயே எடுப்பன்."

"அதுக்குள்ள ஏதும் நடந்தா?"

"நடந்தா அவரிட்டத்தானே போறன். அங்கயும் வாசல்ல நீங்களா நிக்கப்போறீங்க?"

சகோதரரே, என் வாழ்நாளில் நான் கேட்ட சிறந்த பிரசங்கம் அது. ஏச்சுப்போல வந்தது. தண்ணீர் அவனை இரட்சிக்கவில்லை. ஏற்கெனவே பிடிக்கப்பட்டவன் அவன். பிடித்த கையை ஊருக்குக் காட்டத்தான் தண்ணீர் கேட்டான். நானோ தண்ணீருக்குக் காவல் நின்று, கையை மறந்துபோனேன். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம் எந்த வகுப்பில் படித்தாய் என்று ஆண்டவர் கேட்கவில்லை. கேட்டவன் நான்.

ஒரு மணித்தியாலம் கேட்டேன். ஆண்டவர் ஆளையே தந்தார். இரண்டாம் கிழமை சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியது. தைப்பொங்கலுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். இரவு பகலாய் நின்ற மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும் நன்றி சொல்கிறேன். என் சண்டைக்குப் பதில் அவர்களுடைய கைகளால்தான் வந்தது. காத்தான்குடிக்காரருடைய தாயாரும் சுகமாகி வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

போதகரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சேமக்காலை அறிவித்தலை என் கையாலேயே கிழித்தேன். எனக்கும் வடிவேலோடு மறுபடி ஞானஸ்நானம் தாருங்கள் என்று கேட்டேன். என் பேச்சைத் தாண்டாத அந்த மனிதர் அன்று முதன்முதலாக என்னை மறுத்தார்.

"இல்ல சேர். அண்டைக்குப் பொய் சொன்னது நீங்க. ஆண்டவர் பொய் சொல்லல்ல. அவர் தன்ட சொல்லில நிண்டிருக்கார். நீங்க இப்ப வந்து சேர்ந்திருக்கீங்க. அவ்வளவுதான்."

நாற்பத்தெட்டு வருடம் பிந்தி நான் என் ஞானஸ்நானத்துக்கு வந்து சேர்ந்தேன். இதைவிட நன்றாக என்னால் சொல்லத் தெரியவில்லை.

பங்குனியில் வாவி தெளிந்த ஒரு ஞாயிறு, வடிவேலை இறக்கினோம். அக்கரையிலிருந்து அவனுடைய தாயும் வந்து கரையில் நின்றார். அவன் இன்னும் மெலிவு. ஒரு பக்கம் போதகர், மறுபக்கம் நான் வர வேண்டும் என்று அவன்தான் கேட்டான். நான் அவனைத் தாங்கிப் பிடிப்பதாக நினைத்து இறங்கினேன். நாலு அடி போனதும், "சேர், காலத் தூக்கி வெக்காதீங்க, தேச்சுத் தேச்சு வாங்க. சேறு இழுக்கும்" என்று சொல்லி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வலை இழுத்த கை. அந்தப் பிடியில்தான் நான் ஆழத்துக்குப் போனேன்.

அன்றே திருவிருந்து. தட்டை நான்தான் ஏந்தினேன். அவனுக்கு முன்னால் வந்ததும் தட்டைத் தாழ்த்திப் பிடித்தேன். அவன் கையை நீட்டி அப்பத்தை எடுத்தான்.

இத்தோடு முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நான் பெயிலாக்கிய மற்றவர்களும் இருக்கிறார்கள். வடிவேலைத் தவிர ஆறு பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். நான்கு பேர் என்னை இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார்கள். ஒருவர் வெளிநாட்டில். தன்னாமுனையில் மகளோடு போய் இருந்த ஒரு தாயைத் தேடிப் போனேன். மகள் கதவைத் திறந்தாள்.

"ஆர தேடி வந்தீங்க? அம்மாவையா? அவ போய் ரெண்டு வருசம். 'சேர் என்ன வேணாமெண்டுட்டார்' எண்டு சொல்லிச் சொல்லித்தான் போனவ. இப்ப என்னத்துக்கு வந்தீங்க?"

கதவைச் சாத்தினாள். சாத்தட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு. அந்தத் தாயை ஆண்டவர் பிடித்திருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் அவர் பயத்தோடு போனார், அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். எனக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கிறது, அதை நம்புகிறேன். ஆனால் இந்தக் கோபத்தை ஆண்டவர் என்னிடமிருந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றுதான் நானும் கேட்கிறேன். இது இருக்கும்வரை நான் இன்னொரு தாளைத் திருத்தமாட்டேன்.

மூப்பர்களே, சொல்லிக்கொடுங்கள். வகுப்பு வையுங்கள். வருகிறவனோடு இருந்து வாசியுங்கள். ஆனால் அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் கதிரை போட்டு உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். அந்தக் கதிரை சுடும்.

எங்கோ ஒரு சபையின் கடைசி வாங்கில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் படிப்பில்லை என்று, பழைய வாழ்க்கை சரியில்லை என்று, பதில் சொல்லத் தெரியவில்லை என்று யாராவது உங்களைத் தள்ளி வைத்திருக்கலாம். அப்படியானால் அந்தத் தாளைத் திருத்தியவன் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பிழையாகத் திருத்தினேன். தாண்டு போகிறவன் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். கூப்பிடுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு கூப்பிடுங்கள். அவர் பிடிப்பார். பிறகு வாருங்கள், வாவி திறந்துதான் கிடக்கிறது. கரையில் நான் நிற்பேன், கையில் தாள் இல்லாமல், தலை துவட்டத் துவாயோடு.